படிக்காமல் கடந்த பலகைகள்

மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. "ஏதாவது எழுதிக் கொடுப்பா. ஆனால் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றி மட்டும் வேண்டாம். ஏற்கெனவே நாலு கட்டுரை வந்தாச்சு" என்றார்கள். "சரி, சரித்திரம் எழுதுகிறேன்" என்றேன். மறுமுனையில் ஒரே சிரிப்பு. இயந்திரவியலில் இரண்டு பேப்பர் அரியர்ஸ் வைத்துத் தட்டுத் தடுமாறி வெளியே வந்தவனுக்கும் சரித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் நியாயமான கேள்விதான். படித்து முடித்தால் சம்பந்தம் புரியும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு கல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரிப் பணிமனைக்கும் கேன்டீனுக்கும் நடுவே, வேப்பமரத்தடியில் ஒரு கருங்கல் பலகை உண்டே, ஞாபகம் இருக்கிறதா? நாலு வருஷமும் அதுதான் எங்கள் பார்லிமென்ட். அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறோம், ரெக்கார்டு நோட்டு எழுதியிருக்கிறோம், மாணவர் தேர்தலுக்குப் போஸ்டர் ஒட்டியிருக்கிறோம். அந்தக் கல்லில் எழுத்துகள் இருந்தன. வரிசையாக ஏதோ பெயர்கள். நாலு வருஷத்தில் ஒரு வரிகூட நான் படித்ததில்லை. போஸ்டர் ஒட்டியதில் பாதி எழுத்து மறைந்துபோனதற்கு நானும் ஒரு காரணம்.

இந்தக் கல் எனக்கு மறுபடி ஞாபகத்துக்கு வந்தது, பதினாலாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், அமெரிக்காவின் தென்பகுதியில், சம்னர் என்ற சின்னஞ்சிறு ஊரில். சுமார் முந்நூறு பேர் வாழும் ஊர். நம் ஊரில் ஒரே தெருவில் அதைவிட அதிகம் பேர் இருப்பார்கள்.

எழுபத்தைந்து பவுண்டு

எனக்கு வேலை மெம்பிஸ் நகரத்தில். தொழிற்சாலைகளுக்குப் பெரிய காற்று விசிறிகள், அதாவது புளோயர்கள், பொருத்திப் பராமரிக்கும் வேலை. மெம்பிஸுக்குத் தெற்கே மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதி. கண்ணுக்கெட்டிய தூரம் மேடு பள்ளம் இல்லாத வண்டல் நிலம். பருத்தி, சோயா, நெல். அக்டோபர் மாதம் வந்தால் ஜின்னிங் மில்கள் இரவு பகலாக ஓடும். பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிப்பது ரம்பப் பல் வேலை. பிரித்த பஞ்சை ஒரு இயந்திரத்திலிருந்து அடுத்ததற்குக் கொண்டுபோவது காற்றின் வேலை. அந்தக் காற்றைத் தள்ளுவது விசிறி. என் சோறு அதில்தான்.

இந்த ஜின்னிங் இயந்திரத்துக்கு ஒரு பொல்லாத சரித்திரம் உண்டு. எலி விட்னி அதற்குக் காப்புரிமை பெற்றது 1794இல். கையால் கொட்டை எடுத்தபோது கட்டுப்படியாகாத பருத்தி, இயந்திரம் வந்ததும் பொன் விளையும் பயிராயிற்று. பறிக்க ஆள் வேண்டுமே? 1790இல் சுமார் 7 லட்சமாக இருந்த அடிமைகளின் எண்ணிக்கை 1860இல் ஏறத்தாழ 40 லட்சம் ஆயிற்று. வேலையைக் குறைக்க வந்த இயந்திரம் அடிமைத்தனத்தைப் பெருக்கிவிட்டது. இதெல்லாம் நம் மெஷின் டிசைன் பாடத்தில் வரவில்லை.

2018 அக்டோபரில் டெல்டாவில் ஒரு மில்லில் விசிறி மாற்றப் போயிருந்தேன். கூட வேலை செய்தவர் அறுபது வயது தாண்டிய கறுப்பர்; அந்தப் பக்கத்துக்காரர். பழைய இரும்புக் குவியலில் ஒரு சின்ன விசிறி கிடந்தது. நம் ஆட்களுக்குத்தான் எதைப் பார்த்தாலும் எடை போடும் பழக்கம் உண்டே! "ஒரு எழுபத்தைந்து பவுண்டு தேறும்" என்றேன், காலால் புரட்டிக்கொண்டே.

பெரியவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "எந்த ரோட்டில் வந்தாய், தம்பி?"

"நாற்பத்தொன்பது கிழக்கு."

"எத்தனை வருஷமாக வருகிறாய்?"

"மூன்று வருஷமாக."

"வழியில் இருக்கும் பலகைகளைப் படித்திருக்கிறாயா?"

இல்லை என்று தலையசைத்தேன். "திரும்பிப் போகும்போது நிறுத்திப் படித்துவிட்டுப் போ. அப்புறம் இந்த எடையை இந்த ஊரில் விளையாட்டாகச் சொல்லமாட்டாய்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் உறைத்தது.

அன்று சாயங்காலம் சம்னரில் வண்டியை நிறுத்தினேன். ஊர் நடுவே கோர்ட் கட்டடம். அதன் முன்னால் ஒரு நினைவுப் பலகை. எம்மெட் டில் என்ற பெயரை அப்போதுதான் நான் முதன்முதலாக முழுசாகப் படித்தேன்.

பதினாலு வயசுப் பையன்

தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், தெரியாத தம்பி தங்கைகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

எம்மெட் டில் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினச் சிறுவன். 1955 ஆகஸ்டில் கோடை விடுமுறைக்கு மிசிசிப்பியில் உள்ள உறவினர் வீட்டுக்கு வந்தான். அம்மாவுடைய தாயின் சகோதரி வீடு. ஆகஸ்டு 24ஆம் தேதி மணி என்ற குக்கிராமத்தில் ஒரு மளிகைக் கடைக்குப் போனான். கடையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்ணிடம் தவறாக நடந்துகொண்டான், விசில் அடித்தான் என்று பேச்சு கிளம்பியது. 28ஆம் தேதி பின்னிரவில் அவளுடைய கணவன் ராய் பிரையன்ட்டும் அவனோடு ஒரே தாய்க்குப் பிறந்த சகோதரன் ஜே. டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு வந்து, தூங்கிக்கொண்டிருந்த பையனை எழுப்பிக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் கழித்து, 31ஆம் தேதி, டல்லஹாச்சி ஆற்றில் பிணம் மேலே வந்தது. முகம் அடையாளம் தெரியவில்லை. கழுத்தில் முள்கம்பியால் ஒரு ஜின்னிங் மில் விசிறி கட்டப்பட்டிருந்தது. அதன் எடை 75 பவுண்டு. நம் கணக்கில் 34 கிலோ.

உடலை மிசிசிப்பியிலேயே அவசர அவசரமாகப் புதைக்கப் பார்த்தார்கள். தாய் மேமி விடவில்லை. போராடி சிகாகோவுக்குக் கொண்டுவந்தார். பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையையும் மீறித் திறந்தார். என் பிள்ளைக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள். கறுப்பர் பத்திரிகையான ஜெட் அந்தப் படத்தை அச்சிட்டது. அதே வருடம் டிசம்பர் 1ஆம் தேதி மான்ட்கோமரி நகரத்துப் பஸ்ஸில் ரோசா பார்க்ஸ் எழுந்திருக்க மறுத்தார். எம்மெட் டில்லை அப்போது நினைத்துக்கொண்டதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

வழக்கு சம்னரில் நடந்தது. டல்லஹாச்சி கவுண்டியை ஆறு இரண்டாகப் பிரிப்பதால் அங்கே இரண்டு கோர்ட்டுகள்: கிழக்கே சார்ல்ஸ்டன், மேற்கே சம்னர். கவுண்டி என்றால் நம் தாலுகா மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் எல்லையில் அப்போது, பையன்களை வளர்க்க நல்ல ஊர் இது என்ற பொருளில் ஒரு வரவேற்புப் பலகை இருந்ததாம். வெளியூரிலிருந்து வந்த நிருபர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் கோர்ட்டுக்குள் நுழைந்தார்கள்.

செப்டம்பர் 19இலிருந்து 23 வரை ஐந்து நாள் விசாரணை. ஜூரியில் பன்னிரண்டு பேர். அத்தனை பேரும் வெள்ளைக்கார ஆண்கள். காரணம் எளிது. வாக்காளர் பட்டியலிலிருந்துதான் ஜூரி எடுப்பார்கள். கவுண்டியில் பெரும்பான்மையினர் கறுப்பர்கள். ஆனால் பட்டியலில் அன்று ஒரு கறுப்பர் பெயர்கூடக் கிடையாது. பெண்களை ஜூரியில் சேர்க்க மிசிசிப்பி 1968 வரை சம்மதிக்கவில்லை.

அந்தக் கோர்ட்டில், 64 வயது விவசாயி மோஸ் ரைட் எழுந்து நின்றார். பையன் தங்கியிருந்தது அவர் வீட்டில்தான். வந்தவர்கள் யார் என்று கேட்டதும், கையை நீட்டி அந்த இரண்டு பேரையும் சுட்டிக்காட்டினார். ஒரு கறுப்பர் அந்த மண்ணில் வெள்ளைக்காரனைக் கோர்ட்டில் கைகாட்டுவது உயிரோடு விளையாடும் காரியம். வில்லி ரீட் என்ற பதினெட்டு வயதுப் பையன் ஒரு கொட்டகைக்குள்ளிருந்து அடி விழும் சத்தம் கேட்டதாகச் சாட்சி சொன்னான். இருவரும் அதற்குப் பிறகு மிசிசிப்பியில் குடியிருக்க முடியவில்லை. ஷெரிப் ஸ்ட்ரைடரோ, கிடைத்த உடல் அந்தப் பையனுடையதா என்பதே சந்தேகம் என்று எதிர்த்தரப்புக்குச் சாதகமாகச் சாட்சி சொன்னார். பையனின் விரலில் அவன் அப்பாவின் மோதிரம் இருந்தும்!

ஜூரி உள்ளே போய்த் திரும்பி வர 67 நிமிடம் ஆயிற்று. சோடா குடிக்க நிற்காமல் இருந்திருந்தால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்றார் ஜூரியில் ஒருவர். இருவரும் விடுதலை. ஒரே குற்றத்துக்கு இரண்டாம் முறை வழக்கு போட முடியாது என்பது சட்டம். 1956 ஜனவரியில் அந்த இருவரும் லுக் என்ற பத்திரிகையிடம் சுமார் 4,000 டாலர் வாங்கிக்கொண்டு, ஆமாம், நாங்கள்தான் கொன்றோம் என்று சாவகாசமாகக் கதை சொன்னார்கள்.

கோர்ட் வாசல் சிப்பாய்

சம்னர் கோர்ட் வாசலில் எம்மெட் டில் பலகைக்கு முன்பே ஒரு நினைவுச் சின்னம் இருந்தது. உயரமான பீடத்தின் மேல் துப்பாக்கியோடு ஒரு கல் சிப்பாய். அடிமை முறையைக் காப்பாற்றிக்கொள்ளப் பிரிந்துபோய், 1861 முதல் 1865 வரை போரிட்டுத் தோற்ற தென்மாநிலங்களின் கான்ஃபெடரேட் படை வீரன். அமெரிக்கத் தென்பகுதியில் கோர்ட் இருக்கும் ஊர்களில் பலவற்றில் இப்படி ஒருவர் நிற்பார். நம் ஊர்ச் சந்திகளில் தலைவர் சிலை மாதிரி.

நான் முதலில் என்ன நினைத்தேன் என்றால், போர் முடிந்த கையோடு, பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் அழுதுகொண்டே வைத்த சிலை போலிருக்கிறது என்று. தேதியைப் பார்த்தேன். 1913. போர் முடிந்து 48 வருடம்! இந்த ஒரு ஊர் மட்டுமல்ல. இத்தகைய சிலைகளில் மிகப் பல 1900க்கும் 1920களுக்கும் இடையில் வைக்கப்பட்டவை. அந்தக் காலம் எப்படிப்பட்டது? மிசிசிப்பி 1890இல் புது அரசியல் சட்டம் எழுதி, வரி, எழுத்தறிவுத் தேர்வு என்று பல வழிகளில் கறுப்பர்களின் ஓட்டைப் பறித்திருந்தது. பஸ், பள்ளி, குடிதண்ணீர்க் குழாய் எல்லாம் தனித்தனி. ஆட்சி யார் கையில் என்பது முடிவான பிறகு, அந்த முடிவைக் கல்லில் எழுதி, நீதி கேட்டு எல்லோரும் வர வேண்டிய இடத்தின் வாசலில் நட்டார்கள்.

1955இல் மோஸ் ரைட் சாட்சி சொல்லப் போனபோது இந்தச் சிப்பாயைத் தாண்டித்தான் உள்ளே போயிருக்க வேண்டும். எம்மெட்டின் அம்மாவும்தான். இதை நினைத்துப் பார்த்ததும் அந்தச் சிலை எனக்கு வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. ஒரு நினைவுச் சின்னத்தில் எழுதியிருப்பதைப் படித்தால் மட்டும் போதாது. அதை வைத்த வருடத்தையும், வைத்தவர் யார் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். டிராயிங் ஷீட்டின் மூலையில் இருக்கும் தலைப்புக் கட்டத்தைப் பார்க்காமல் படத்தைப் படிக்காதே என்று நம் வாத்தியார்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்தது இதற்கும் பொருந்துகிறது.

ஐம்பது வருட மௌனம்

தீர்ப்புக்குப் பிறகு சம்னர் வாயைத் திறக்கவில்லை. வெள்ளையர் வீடுகளில் அவமானம், கறுப்பர் வீடுகளில் பயம். பள்ளியில் சொல்லித்தரவில்லை, பலகையும் வைக்கவில்லை. பெயர் உலகம் முழுக்கத் தெரிந்தது. அது நடந்த ஊரில் மட்டும் அந்தப் பெயர் எங்கும் எழுதப்படவில்லை.

2005இல், ஐம்பதாவது ஆண்டில், நான் மூன்று வருடம் காரோட்டிக்கொண்டிருந்த அதே 49 கிழக்கு நெடுஞ்சாலையில் ஒரு பகுதிக்கு எம்மெட் டில் பெயர் வைத்தார்கள். அடுத்த வருடமே அந்தப் பெயர்ப் பலகை மேல் யாரோ கே.கே.கே. என்று பெயின்ட் அடித்துவிட்டுப் போனார்கள். கறுப்பர்களைக் கொன்று திரிந்த கூட்டத்தின் பெயர் அது.

டல்லஹாச்சி கவுண்டியின் மேற்பார்வையாளர் குழுவுக்குத் தலைவரான முதல் கறுப்பர் ஜெரோம் லிட்டில். அவருடைய முயற்சியில் ஒரு நினைவுக் குழு அமைந்தது. கறுப்பரும் வெள்ளையரும் சரிபாதி. ஒரே ஊரில் பிறந்து வளர்ந்தும் அதுவரை ஒரே மேசையில் உட்கார்ந்து இந்த விஷயத்தைப் பேசியிராதவர்கள். என்ன வார்த்தை போடுவது என்பதிலேயே பெரும்பாடு. கடைசியில் 2007 அக்டோபர் 2ஆம் தேதி, அதே கோர்ட் படிக்கட்டில், எம்மெட் குடும்பத்தினர் முன்னிலையில், நீதி தவறிவிட்டது, நாங்கள் வருந்துகிறோம் என்று ஊர் சார்பில் வாசித்தார்கள். மகனுக்காக வாழ்நாள் முழுக்கப் பேசிய மேமி அதைக் கேட்க இல்லை; அவர் 2003இலேயே காலமாகிவிட்டார்.

கோர்ட்டு வாசல் பலகை அப்போது வந்ததுதான். கட்டடத்தைப் பின்னர் 1955இல் இருந்த தோற்றத்துக்கே புதுப்பித்தார்கள். எதிரே ஒரு நினைவு மையம் 2015இல் திறக்கப்பட்டது. மாடியில் உள்ள அந்த விசாரணைக் கூடத்துக்கு நான் பிறகொரு முறை போனேன். இன்றும் வழக்கு நடக்கும் கூடம்தான். மர நாற்காலிகள், மேலே சுழலும் விசிறி. பன்னிரண்டு ஜூரி இருக்கைகளைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு சின்ன அறை! சாட்சி நின்ற இடத்துக்கும் குற்றவாளிகள் உட்கார்ந்த இடத்துக்கும் நடுவே சில அடிகள்தான். மோஸ் ரைட் கையை நீட்டியது அவ்வளவு பக்கத்திலிருந்து.

ஆற்றங்கரையில் நாலு பலகை

இனி என் தொழில் சம்பந்தப்பட்ட பகுதி. உடல் கிடைத்த இடத்துக்கு அருகே, கிராபால் லேண்டிங் என்ற ஆற்றங்கரையில், 2008இல் ஒரு பலகை வைத்தார்கள். சாதாரண உலோகப் பலகை. அதே வருடம் அதைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இரண்டாவது பலகை வைத்தார்கள். வருஷக்கணக்கில் அதைச் சுட்டுக்கொண்டே இருந்தார்கள். அதில் 317 குண்டுத் துளைகள். அந்தப் பலகை 2021இல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் தேசிய வரலாற்று அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது. 2018 ஜூனில் மூன்றாவது பலகை. முப்பத்தைந்து நாள் தாங்கியது. அதற்குள் குண்டு பாய்ந்துவிட்டது.

நான் 2018 அக்டோபரில் பார்த்தது அந்த மூன்றாவதை. சரளைக்கல் பாதை, இரண்டு பக்கமும் வயல், ஆள் நடமாட்டமே இல்லை. பாதை முடியும் இடத்தில் மரங்கள், பழுப்பு நிறத்தில் ஆறு, நடுவே அந்தப் பலகை. துளையில் சுண்டுவிரலை வைத்துப் பார்த்தேன். முன்பக்கம் உள்வாங்கி, பின்பக்கம் பிசிறாக வெளியே வந்திருந்தது. பஞ்சிங் மெஷினில் ஓட்டை போட்டால் எப்படி இருக்குமோ அப்படி. அந்த நேரம் பார்த்து ஒரு பிக்கப் வண்டி மெதுவாக வந்து, நின்று, திரும்பிப் போயிற்று. யாரோ பாதை தவறி வந்த விவசாயியாக இருக்கலாம். ஆனாலும் எனக்குக் கை நடுங்கிவிட்டது. காருக்குள் ஏறிக் கதவைப் பூட்டிக்கொண்டு, மெயின் ரோடு வரும்வரை மூச்சுவிடவில்லை. என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் பயமே இப்படி என்றால், அந்த ஊரிலேயே பிறந்து, அங்கேயே பலகையை மறுபடி மறுபடி நட்டவர்களின் துணிச்சலை என்னவென்று சொல்வது?

2019 ஜூலையில், மூன்று கல்லூரி மாணவர்கள் துப்பாக்கியோடு அந்தப் பலகை முன் சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வெளிவந்து நாடே கொந்தளித்தது. கல்லூரி மாணவர்கள் என்பதை அடிக்கோடிட்டுச் சொல்கிறேன். படித்தவன் இதைச் செய்யமாட்டான் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

2019 அக்டோபரில் நாலாவது பலகை வந்தது. இது குண்டு துளைக்காத பலகை. அரை அங்குல, அதாவது 12.7 மில்லிமீட்டர், ஏ.ஆர். 500 எஃகுத் தகடு. அதன்மேல் முக்கால் அங்குல பாலிகார்பனேட். மொத்த எடை 500 பவுண்டுக்கு மேல். சுமார் 230 கிலோ. ஏ.ஆர். 500 நமக்குப் பழக்கமான சரக்குதான். சுரங்க லாரிகளின் தொட்டியிலும், கல் விழும் ஹாப்பர்களிலும் தேய்மானம் தாங்கப் போடுவது. பிரினெல் கடினம் 500 அளவில் இருக்கும். பெயரே அதிலிருந்து வந்ததுதான். இன்னொரு உபயோகமும் உண்டு. துப்பாக்கி பயிலும் மைதானங்களில் சுடுவதற்கு இலக்காக வைப்பதும் இதே தகடுதான்! ஒரு பதினாலு வயசுப் பையனின் பெயரை எழுதி வைக்க, இலக்குப் பலகைக்கு உண்டான எஃகு வேண்டியிருக்கிறது. மெட்டீரியல் செலக்‌ஷன் என்று ஒரு பாடம் படித்தோமே, அதில் இப்படி ஒரு கணக்கு வந்திருந்தால் எந்த நிபந்தனையை எழுதியிருப்போம்?

நிழற்படக் கருவிகளும் அபாயச் சங்கும் வைத்தார்கள். வைத்த அடுத்த மாதமே வெள்ளை இனவெறிக் கூட்டம் ஒன்று அங்கே வந்து வீடியோ எடுக்க முயன்றது. சங்கு ஊதியதும் ஓடிற்று. இந்த நாலாவது பலகையில் முந்தைய பலகைகளுக்கு நேர்ந்த கதியையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். 1955இல் நடந்தது மட்டும் சரித்திரம் என்றால் வேலை சுலபம். அதற்கு ஊர் இன்றுவரை என்ன பதில் சொல்லி வருகிறது என்பதும் சரித்திரமாயிற்றே.

எந்த இடத்தில் நடுவது?

பலகை வைப்பதில் இன்னொரு சிக்கல், சரியான இடம் எது என்பது. லுக் பத்திரிகையில் கொலைகாரர்கள் சொன்ன கதையில் வில்லி ரீட் சத்தம் கேட்ட கொட்டகையே கிடையாது. அது பக்கத்து சன்ஃப்ளவர் கவுண்டியில், ட்ரூ என்ற ஊருக்கு அருகில், மைலமின் சகோதரன் கவனித்துவந்த பண்ணையில் இருந்தது. அதைச் சொன்னால் இன்னும் சில பேர் மாட்டிக்கொள்வார்கள். ஆகவே கதையிலிருந்து அந்த இடத்தையே எடுத்துவிட்டார்கள். காசு கொடுத்து வாங்கிய அந்தப் பொய்யை நம்பிப் பல ஆண்டு காலம் புத்தகங்கள் எழுதப்பட்டன. கொட்டகை ஒரு தனியார் வீட்டுத் தோட்டத்தில் சாமான் போடும் இடமாகக் கிடந்தது. 2025இல்தான் சம்னர் நினைவு மையம் அதை விலைக்கு வாங்கியது. உயிரைப் பணயம் வைத்து ஒரு பையன் கோர்ட்டில் சொன்ன உண்மைக்கு எழுபது வருடம் கழித்து ஒரு முகவரி கிடைத்தது.

விசிறிக்கும் இதே கதைதான். அது எந்த மில்லிலிருந்து எடுக்கப்பட்டது என்பதில் இரண்டு கட்சி. லுக் கதை ஒரு மில்லைச் சொல்கிறது. சம்னருக்குத் தெற்கே உள்ள கிளென்டோரா கிராமமோ எங்கள் ஊர் மில்தான் என்கிறது. அந்தப் பழைய மில் கட்டடத்திலேயே ஒரு மியூசியமும் நடக்கிறது. வேலையில்லாமல் வறண்டுபோன ஊர்களுக்கு நினைவுச் சின்னம் என்பது நாலு பேர் வந்து போகும் வழியும்கூட. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பலகையில் எழுதியது என்பதற்காக எதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடவும் கூடாது.

2022இல் எம்மெட் டில் பெயரால், கும்பல் கொலையை மத்தியச் சட்டப்படி குற்றமாக்கும் சட்டம் வந்தது. அதே வருடம் பக்கத்து நகரமான கிரீன்வுட்டில் ஒன்பது அடி வெண்கலச் சிலை வைத்தார்கள். 2023 ஜூலை 25, உயிரோடு இருந்திருந்தால் அவனுடைய 82ஆவது பிறந்த நாள். அன்று சம்னர் கோர்ட், கிராபால் லேண்டிங், சிகாகோவில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயம் மூன்றையும் சேர்த்து எம்மெட், மேமி இருவர் பெயரிலும் தேசிய நினைவிடமாக ஜனாதிபதி பைடன் அறிவித்தார். அந்த இலையுதிர்காலத்தில் மறுபடி போனேன், இந்தமுறை மனைவியோடு. கல் சிப்பாய் அப்போதும் கோர்ட் வாசலில் நின்றுகொண்டிருந்தார். சில அடி தள்ளி எம்மெட் பலகை. மனைவி இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இந்த ஊர் இன்னும் வழக்கை முடிக்கவில்லை போல" என்றாள். அதைவிடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். போன் செய்து, "எல்லாப் பலகையையும் படித்துவிட்டேன்" என்று சொன்னேன். "படித்தாயா, சரி. படித்ததை யாரிடம் சொன்னாய்?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரைதான் அதற்குப் பதில்.

வேப்பமரத்தடிக் கல்

ஆகவே நண்பர்களே, சந்திப்பு நாளன்று எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. மதியச் சாப்பாட்டுக்கும் குரூப் போட்டோவுக்கும் நடுவே எப்படியும் ஒரு மணி நேரம் சும்மா போகும். நான் ஒரு வாளித் தண்ணீரும் தேங்காய் நாரும் கொண்டுவருகிறேன். வேப்பமரத்தடிக் கல்லைத் தேய்த்துக் கழுவுவோம். நாம் ஒட்டிய போஸ்டரை நாமே சுரண்டுவதுதான் முறை. எழுத்து தெரிந்ததும் ஒருத்தர் சத்தமாக வாசிக்கட்டும். யார் பெயர், யார் வைத்தது, எந்த வருடம் என்று குறித்துக்கொள்வோம்.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. அந்தப் பெயர்களுக்கு உரியவர்கள் யார் என்று அலுவலகத்தில், நூலகத்தில், ஓய்வு பெற்ற ஆசிரியர்களிடம் கேட்டுப் பாருங்கள். கிடைத்ததை அடுத்த மலரில் எழுதுங்கள். அந்தக் கல்மேல் உட்கார்ந்து டீ குடிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தாராளமாகக் குடியுங்கள். யார் பெயர்மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு குடியுங்கள்.

மற்றவை நேரில். அனைவருக்கும் அன்பும் வாழ்த்தும்.

— இயந்திரவியல், 2007–2011 அணி